பூப்பாத்தியிற் பொற்காலம்: கோய்க்கன்ஹோவ் பூங்கா பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பூங்காக்களை வரலாற்று மூலங்களாகக் கொண்டு ஆராயும் வழக்கம் எம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. சாசனம், செப்பேடு, ஓலைச்சுவடி, காணித்தோம்பு ஆகியவற்றை நுணுகி நோக்கும் நாம், மண்ணிலே கோடிட்டு மரமும் செடியும் நட்டு மனிதர் எழுதிவைத்தவற்றைப் பொழுதுபோக்கிற்குரியவை என ஒதுக்கிவிடுகிறோம். ஆயின் பூங்கா எதுவும் தானாகத் தோன்றுவதில்லை. நிலம் எவரேனும் ஒருவருக்கு உடைமையாக இருத்தல் வேண்டும். அதிற் பாடுபட ஆட்கள் வேண்டும். இன்ன செடி இன்ன இடத்தில் நிற்கும் எனத் தீர்மானிக்கும் அதிகாரமும் வேண்டும். உடைமை, உழைப்பு, அதிகாரம் ஆகிய இம்மூன்றையும் பற்றி வினவத் தொடங்கியதும் பூங்கா சமுதாய வரலாற்றுக்குரிய ஆவணமாகிவிடுகிறது. வரலாற்றையே பொருளாகக் கொண்டு பாத்திகள் அமைக்கப்பெறும் பூங்காவாயின் இவ்விசாரணை மேலும் இன்றியமையாததாகும். ஏனெனில், அங்கே கடந்தகாலம் பற்றிய ஒரு கருத்து, வாதமோ சான்றோ இன்றி, நிறத்தாலும் மணத்தாலும் பார்வையாளர் மனத்திற் பதிந்துவிடுகின்றது.

2016 ஏப்ரலில், நெதர்லாந்தின் லிசே என்னும் ஊரிலுள்ள கோய்க்கன்ஹோவ் பூங்காவைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. ஆண்டுதோறும் ஒரு பொருளைத் தேர்ந்து அதற்கியையப் பாத்திகளை வகுப்பது அக்காலத்தில் அப்பூங்காவின் வழக்கமாக இருந்தது. அவ்வாண்டுக்குரிய பொருள் 'பொற்காலம்' என்பதாகும். பதினேழாம் நூற்றாண்டையே ஒல்லாந்தர் நெடுங்காலமாக அப்பெயராற் குறித்து வந்தனர். அந்நூற்றாண்டிலேதான், 1658இல், யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஆதலின், அப்பாத்திகளின் முன்னே தூரதேசத்துப் பயணியர் என்ற நிலையில் மாத்திரம் எம்மால் நிற்க முடியவில்லை. வரலாற்றிற் பூக்களாற் சொல்லக்கூடியது எது, சொல்ல முடியாதது எது என்பதனை அப்பூங்காவை அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் உடைமையும்

லிசே, அம்ஸ்ரர்டாமுக்குத் தென்மேற்கே, கடலோர மணற்குன்றுகளுக்கு அண்மையில் உள்ளது. கோய்க்கன்ஹோவ் என்ற பெயரை 'அடுக்களைத் தோட்டம்' எனத் தமிழாக்கலாம். பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நிலம் ஒல்லாந்தின் ஆட்சியுரிமை பெற்றிருந்த யாக்கோபா சீமாட்டியின் (1401–1436) வேட்டைக்காடாக விளங்கியது. அண்மையிலிருந்த தெய்லிங்கன் கோட்டையின் அடுக்களைக்கு வேண்டிய காய்கனிகள் இங்கிருந்தே சென்றன. பிரபுத்துவக் காலத்தில் இந்நிலம் பூவுக்காகவன்றிப் பிரபுவின் உணவுக்காகவே பயன்பட்டது என்பதனை இன்றளவும் பெயர் காட்டிநிற்கிறது.

1641இல் இங்கு ஒரு மாளிகை எழுந்தது. அதனைக் கட்டுவித்தவர் அட்ரியான் மார்ட்டன்ஸ் புளொக். அவர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பற்றலைவராகவும் ஆளுநராகவும் கீழைத்தேயத் தீவுகளிற் பணியாற்றித் தாயகம் மீண்டவர். 1602இல் நிறுவப்பெற்ற அக்கம்பனி, கராம்பு, சாதிக்காய், கறுவா முதலியவற்றின் வாணிபத்தைத் தன் தனியுரிமையாக்க முயன்று, வேண்டுமிடத்துப் படைபலத்தையும் பிரயோகித்தது. கீழைக்கடலிற் பணிபுரிந்தவர் ஓய்வுக்காலத்தைக் கழிக்கத் தேர்ந்த இடமே பிற்காலத்தில் உலகறிந்த பூங்காவின் தாய்நிலமாயிற்று. 1857இல் சோகர் என்னும் குடும்பப் பெயர்கொண்ட தந்தையும் மகனும் மாளிகையைச் சூழ்ந்த நிலத்தை ஆங்கில நிலக்காட்சி மரபில் மாற்றியமைத்தனர். அம்ஸ்ரர்டாமின் வொண்டல் பூங்காவை வகுத்தவர்களும் இவர்களே. நேர்கோடுகளைத் தவிர்த்து, வளைந்த பாதையும் குளமும் மரக்கூட்டமுமாக, மனிதன் கைபடாத இயற்கைபோலத் தோன்றச்செய்வது அம்மரபின் இயல்பு.

நான்காவது மாற்றம் இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிகழ்ந்தது. 1949இல் குமிழ் உற்பத்தியாளரும் ஏற்றுமதியாளருமான இருபதுபேர் ஒன்றுசேர்ந்து, தமது பண்டங்களை உலகச் சந்தைக்குக் காட்டும் நிரந்தர இளவேனிற் கண்காட்சி ஒன்றை அமைக்க முடிவு செய்தனர். துலிப், பதுமராகம் முதலியன வெங்காயத்தையொத்த குமிழ்களிலிருந்து முளைப்பவை. விற்பனைக்குரிய பண்டமும் அக்குமிழே. 1950இற் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முதலாண்டிலேயே 236,000 பேர் வந்தனர். அண்மைக் காலத்தில் இத்தொகை ஆண்டுக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டியுள்ளது. அடுக்களைத் தோட்டம், வணிகக் கம்பனித் தலைவனின் மாளிகை, கனவான்களின் நிலக்காட்சிப் பூங்கா, ஏற்றுமதியாளரின் காட்சிக்களம் என்றவாறு ஒரே நிலம் நான்கு கோலங்களை எடுத்துள்ளது. ஒவ்வொரு கோலமும் அவ்வக் காலத்தில் மேலோங்கியிருந்த வர்க்கத்தின் தேவையைப் பிரதிபலிப்பதாக அமைந்தமை மனங்கொளத்தக்கது.

பாத்திகளினூடே

பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 32 ஹெக்டேயர். ஆண்டுதோறும் நடப்படும் குமிழ்கள் ஏறத்தாழ எழுபது இலட்சம். மார்ச் மாதப் பிற்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை, ஏறக்குறைய எட்டு வாரங்களே இது திறந்திருக்கும். நாம் சென்ற காலையில் கடற்காற்று குளிர்ந்து வீசியது. முதிய மரங்கள் பல இன்னும் தளிர்விடாது கிளைகளாக நின்றன. அவற்றின் அடியில், தரையோ எல்லா நிறங்களையும் ஒருங்கே விரித்திருந்தது. மரங்களினிடையே நீலப்பூக்கள் ஆறுபோல் வளைந்து ஓடின. பதுமராகப் பாத்திகளை அணுகுமுன்னரே அவற்றின் மணம் எம்மை வந்தடைந்தது. எட்டு வாரமும் பாத்தி வெறுமையுறாதிருத்தற் பொருட்டு, முந்திப் பூப்பவற்றையும் பிந்திப் பூப்பவற்றையும் ஒரே குழியில் அடுக்கடுக்காக நடுவர். ஓரடுக்கு வாடுமுன் மற்றோரடுக்கு மேலெழும். பருவம் முடிந்ததும் குமிழ்களை அகழ்ந்தெடுத்துவிட்டு, இலையுதிர்காலத்தில் வேறொரு திட்டப்படி புதியனவற்றைக் கையாலேயே நடுவர். ஆகவே, பார்ப்போருக்கு என்றும் மாறாததெனத் தோன்றும் இப்பூங்கா, உண்மையில் ஆண்டுதோறும் முற்றாக அழித்தெழுதப்படும் ஓர் ஏடாகும்.

ஆண்டுப் பொருள்களின் வரிசை ஆராய்வுக்குரியது. 2010இல் ரசியா, 2012இல் போலந்து, 2013இல் ஐக்கிய இராச்சியம் என நாடுகள் பொருளாயின. 2015இல் ஓவியர் வான் கோ நினைவுகூரப்பட்டார். 250 சதுர மீற்றர் பரப்பில் அவரது உருவம் பூக்களால் வரையப்பட்டது. 2016இற் பொற்காலம். ஒல்லாந்துக் குமிழ்த் தொழிலிலே பருவகால வேலைக்குப் போலந்து, ருமேனியா முதலிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து பெருந்தொகையானோர் வருவது நன்கறியப்பட்டது. ஒரு நாடு பாத்தியிலே கௌரவ விருந்தாளியாகவும் வயலிலே கூலியாளாகவும் ஒரே காலத்தில் இடம்பெறுவது, அத்தொழிலின் இருபக்கங்களையும் ஒருங்கே காட்டுகிறது.

பூங்காவின் ஓரத்தில் ஒரு காற்றாலை நிற்கிறது. 1892இல் வடபுலமான குரோனிங்கனில் எழுந்த இது, 1957இற் கப்பற் கம்பனியொன்றின் கொடையாக இங்கு கொணர்ந்து நிறுவப்பட்டது. அதன் மேற்றளத்தில் நின்று நோக்கும்போது வேலிக்கப்பாலுள்ள குமிழ் வயல்கள் நிறப்பட்டைகளாக நீண்டு கிடந்தன. அங்கே முறை வேறு. வயலிலே பூ விரிந்து, அதன் நலம் சோதிக்கப்பட்ட சின்னாட்களில், குமிழ் பருக்கவேண்டும் என்பதற்காகப் பூவின் தலையைக் கொய்து எறிந்துவிடுவர். வேலிக்கு உள்ளே பூவே யாவும். வேலிக்கு வெளியே பூ ஓர் இடையூறு. பூங்கா விளம்பரம், வயல் உற்பத்தி என்ற வேறுபாட்டை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது.

துலிப் வந்த வழி

பூங்காவில் வரலாற்றுத் தோட்டம் எனத் தனியாக ஒரு பகுதி உண்டு. துலிப்பின் பூர்வீகமும் பழைய இனங்களும் அங்கு காட்டப்படுகின்றன. ஒல்லாந்தின் தேசிய அடையாளமெனக் கருதப்படும் இம்மலர் ஒல்லாந்துக்கு உரியதன்று. மத்திய ஆசியாவின் மலைச்சாரல்களில் இயற்கையாக வளரும் துலிப் இனங்கள், உதுமானியப் பேரரசின் தோட்டங்களிற் பேணி வளர்க்கப்பட்டன. 1559இல் ஜெர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் துலிப் பூத்ததை இயற்கையியலறிஞர் கொன்றாட் கெஸ்னர் பதிவுசெய்தார். 1590இல் தோற்றுவிக்கப்பட்ட லெய்டன் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்க 1593இல் வந்த கரோலஸ் குளூசியஸ், தம்முடன் குமிழ்களையும் கொணர்ந்தார். 1594இன் இளவேனிலில் அவை அங்கு பூத்தன. அத்தோட்டத்தின் அவ்வாண்டுச் செடிநிரல் எஞ்சியுள்ளது. அதனைத் துணைக்கொண்டு ஏறத்தாழ 35க்கு 40 மீற்றர் அளவான அம்மூலத் தோட்டத்தை லெய்டனில் மீள அமைத்துள்ளனர். ஆவணத்திலிருந்து பாத்தியை மீட்டெடுக்கும் முறைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

பதினேழாம் நூற்றாண்டிற் பித்துப்பிடித்தவாறு விரும்பப்பட்டவை, வெண்மையில் அல்லது மஞ்சளிற் செந்தீற்றல்கள் சிதறிய துலிப்புகளாகும். இந்நிறச்சிதறலின் காரணம் அன்று ஒருவருக்கும் தெரியாது. அது அழுக்கணவன் பூச்சிகளாற் பரவும் ஒருவகை வைரசு நோயின் விளைவாகும். நோயுற்ற குமிழிலிருந்து நலமான குமிழுக்கு அது தொற்றுவதை 1928இல் இங்கிலாந்தில் டொரதி கேய்லி என்பவர் பரிசோதனை மூலம் நிறுவினார். நோயுற்ற குமிழ் நலிந்து குறைவாகவே பெருகும். பெருக்கம் குன்றியதால் அருமை மிகுந்தது. அருமையால் விலை ஏறியது. இன்று உற்பத்தியாளர் நோயுற்ற செடியைக் கண்டவுடன் களைந்துவிடுவர். பாத்திகளிற் காணும் தீற்றல் துலிப்புகள் பெரும்பாலும் நோயின்றி அத்தோற்றம் தருமாறு உருவாக்கப்பட்டவை. வடக்கே லிம்மன் என்னும் ஊரிலுள்ள பழங்குமிழ்த் தோட்டத்தில், 1595ஆம் ஆண்டிலிருந்து அறியப்படும் துலிப் வகையொன்று இன்றும் வளர்க்கப்படுகிறது.

யூலியானா மண்டபத்திலே துலிப் பித்து பற்றிய கண்காட்சி நிரந்தரமாக இடம்பெறுகிறது. கையில் இல்லாத, மண்ணிற் புதைந்து கிடக்கும் குமிழுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக் கைமாற்றிக் கைமாற்றி விலையை உயர்த்தினர். 1637 பெப்ரவரியில் வாங்குவோர் இன்றி விலை சரிந்தது. நாடே நொடித்துப்போயிற்று என்ற கதை பின்னர் பரவியது. ஆன் கோல்ட்கார் 2007இல் வெளியிட்ட ஆய்வு இக்கதையைப் பெரிதும் திருத்தியுள்ளது. வியாபாரத்தில் ஈடுபட்டோர் நகரங்களின் வணிகரும் கைவினைஞருமான ஓர் எல்லைக்குட்பட்ட வட்டத்தினரே என்றும், நாடளாவிய பொருளாதார வீழ்ச்சிக்குச் சான்றில்லை என்றும், அக்கால எள்ளற் பிரசுரங்களே பிற்காலத்தில் வரலாறாகிவிட்டன என்றும் அவர் காட்டினார். எனினும் கதை சாகவில்லை. அது சாகாமைக்கு ஒரு காரணம் உண்டு எனக் கருதுகிறோம். முன்னோரின் மடமையை நகைத்தவாறு எடுத்துரைப்பது எந்தச் சமுதாயத்திற்கும் எளிது. அவர்களது கொடுமையை எடுத்துரைப்பதே கடினமானது.

பொன்னும் அதன் விலையும்

1637இல் ஹார்லெம் நகரத் தவறணைகளில் துலிப் ஒப்பந்தங்கள் கைமாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயருக்கு எதிராக ஒல்லாந்தரின் உதவியை நாடிக்கொண்டிருந்தான். 1638 மார்ச்சில், பேராதனைக்கு எதிரே மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொருவையில், கண்டிப் படைகள் போர்த்துக்கேயரை முறியடித்தன. அவ்வாண்டு மே மாதத்தில் மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தது. மன்னனும் கம்பனியும் உடன்படிக்கை செய்துகொண்டனர். காலி 1640இலும் கொழும்பு 1656இலும் மன்னாரும் யாழ்ப்பாணமும் 1658இலும் கம்பனி வசமாயின. லிசேயில் மாளிகை எழுந்த 1641, இந்நிகழ்ச்சிகளின் நடுவே விழும் ஆண்டாகும். இவ்வாண்டுகளை ஒரே நிரலில் வைத்து நோக்கும்போது, ஒல்லாந்தின் செழிப்பும் கீழைத்தேயத்தின் அடிமைப்பாடும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பது தெளிவாகும்.

இச்செழிப்பின் விலையை முதலிற் கொடுத்தோர் பண்டா தீவினர். சாதிக்காய் விளைந்த அச்சிறு தீவுகளை 1621இல் யான் பீற்றர்சோன் கூன் கைப்பற்றினான். ஏறத்தாழ 15,000 எனக் கணிக்கப்படும் மக்களிற் பெரும்பாலானோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மடிந்தனர், அல்லது அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். வெறுமையான நிலம் தோட்டங்களாகப் பங்கிடப்பட்டு, வேற்றிடங்களிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளைக் கொண்டு பயிரிடப்பட்டது. கராம்பு விடயத்தில், தான் அனுமதித்த இடங்களுக்கு வெளியே வளர்ந்த மரங்களைக் கம்பனி வெட்டியழித்தது. ஒல்லாந்திலே புதிய செடிகளைத் தேடித்தேடி நட்ட சமுதாயம், மலுக்குத் தீவுகளில் மரங்களை எண்ணியெண்ணி வெட்டியது. விலையைக் காத்தற் பொருட்டு அரிதாக்குதல் என்ற ஒரே விதி இரண்டிலும் தொழிற்பட்டது.

இலங்கையிற் கறுவா அவ்விடத்தைப் பெற்றது. கறுவாப்பட்டை உரித்தல் சலாகம சாதியினர்மீது பரம்பரைக் கடமையாகச் சுமத்தப்பட்டது. கம்பனிக்குப் புறம்பே கறுவாவை விற்றோருக்கு மரணதண்டனை வரையிலான தண்டனைகள் விதிக்கப்பட்டன. 1760இல் தென்மேற்குக் கரையில் மூண்ட கிளர்ச்சியிற் கறுவா உரிப்போரும் கலந்துகொண்டனர். அது கண்டியுடனான போராக விரிந்தது. 1765இல் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியது. அதன் பின்னரே, 1769ஆம் ஆண்டளவில், ஆளுநர் பல்க்கின் காலத்தில், காட்டிலிருந்து பெறப்பட்ட கறுவாவைத் தோட்டப் பயிராக்கும் முயற்சி கொழும்பில் முன்னெடுக்கப்பட்டது. கொழும்பின் செல்வர் வாழும் பகுதி இன்றும் கறுவாத்தோட்டம் என்றே அழைக்கப்படுகிறது.

யாழ்ப்பாணத்தின் பங்கும் சிறிதன்று. வன்னியிலும் அதற்கப்பாலும் பிடிக்கப்பட்ட யானைகள் யாழ்ப்பாணம் கொணரப்பட்டு இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்ற பெயரே இவ்வழியை நினைவூட்டும். துணிக்குச் செந்நிறமூட்டும் சாயவேரைக் கிண்டிக் கொடுப்பது ஒடுக்கப்பட்ட மக்கள்மீது கட்டாயக் கடமையாக விதிக்கப்பட்டது. 1659க்கும் 1661க்கும் இடையில் தஞ்சைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது, பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கான தமிழரைக் கம்பனி சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து கப்பலேற்றி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பியது. கொழும்பில் அடிமைகளைக் கம்பனி வைத்திருந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் 'அடிமைத்தீவு' என்ற பெயர் நிலைத்தது. தமிழில் அது கொம்பனித்தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் தாவரவியல் தோட்டமொன்றை அமைத்ததும் அங்கேயே. பின்னர் களுத்துறைக்கும், 1821இற் பேராதனைக்கும் அது மாற்றப்பட்டது. பேராதனைப் பூங்காவின் அரசமரபு பற்றி நாம் பெருமையுடன் பேசுவதுண்டு. அதன் வம்சவழியில் அடிமைத்தீவும் உண்டு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தாவர அறிவும் இதே கப்பல்களிலேதான் பயணம் செய்தது. கம்பனியின் மருத்துவராக 1670களில் இலங்கையில் வாழ்ந்த போல் ஹேர்மன், இங்குள்ள செடிகளைச் சேகரித்து உலர்த்தி, அவற்றின் சிங்களப் பெயர்களையும் குறித்துக்கொண்டார். பின்னர் லெய்டனிற் பேராசிரியரானார். இலங்கையை ஒருபோதும் காணாத லினேயஸ், அச்சேகரிப்பைக் கொண்டே 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். மலையாளக் கரைத் தாவரங்கள் பற்றி வான் றீடே 1678 முதல் 1693 வரை பன்னிரு தொகுதிகளாக வெளிக்கொணர்ந்த நூலுக்கு ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதன் தம் பரம்பரை அறிவை வழங்கினார். அவரது பெயர் நூலிலேயே பதிவாகியிருப்பது, அக்காலத்தின் அரிதான நேர்மைகளுள் ஒன்றாகும்.

பூவின் எல்லை

இவ்வளவையும் ஒரு பூப்பாத்தியிடம் எதிர்பார்ப்பது முறையா என்ற கேள்வி எழும். நீண்ட குளிர்காலம் கழிந்து, குடும்பத்தோடு ஒருநாள் மகிழ வரும் உழைக்கும் மக்களுக்கு நிறமும் மணமும் உரிமையானவையே. கனவான்களின் நிலமாக மூடிக்கிடந்த இடம் கட்டணம் செலுத்தும் எவருக்கும் திறந்துவிடப்பட்டமை முன்னேற்றம் என்பதை மறுத்தலாகாது. நாமும் அங்கு மெய்ம்மறந்து நின்றோம். பொற்காலப் பாத்திகளின் அருகே படமும் எடுத்துக்கொண்டோம். எமது வினா மகிழ்ச்சி பற்றியதன்று, பெயர் பற்றியது. கம்பனியின் கப்பலைப் பூவால் வரைந்துவிடலாம். அக்கப்பலின் அடித்தட்டை வரைய இயலாது. பாத்தி என்பது வந்துசேர்ந்த பொருளைக் காட்டும். அது யாருடைய உழைப்பால், எந்த நிர்ப்பந்தத்தால் வந்துசேர்ந்தது என்பதைக் காட்டாது. இது தோட்டக்காரரின் குறையன்று, வடிவத்தின் இயல்பு. ஆனால் அக்காட்சிக்குப் 'பொற்காலம்' எனப் பெயரிடும்போது, வடிவத்தின் இயலாமை வரலாற்றுத் தீர்ப்பாக மாறிவிடுகின்றது.

அம்புறோசியஸ் பொஸ்கார்ட் முதலான அக்கால மலரோவியர் இதற்கு விளக்கம் தருகின்றனர். அவர்களது ஓவியங்களில் இளவேனிலிற் பூக்கும் துலிப்பும் கோடையிற் பூக்கும் ரோசாவும் ஒரே சாடியில் ஒருங்கே மலர்ந்திருக்கும். தனித்தனியே வரைந்து வைத்த படிகளை ஒன்றுசேர்த்து அவற்றைத் தீட்டினர். ஒவ்வொரு பூவும் உண்மையானது. அந்தப் பூங்கொத்து எந்த நாளிலும் எந்த மேசையிலும் இருந்ததில்லை. பொற்காலம் என்ற கருத்தாக்கமும் அத்தகையதே. ஓவியம், அறிவியல், வாணிபம், நகரமைப்பு ஆகிய ஒவ்வொரு சாதனையும் உண்மை. பலருக்குக் கிட்டாத அவற்றை ஒரு சாடியிற் சேர்த்து, அதுவே அக்காலம் என்பதே பிழை.

ஒல்லாந்துச் சமுதாயம் இப்பிழையை உணரத் தொடங்கியுள்ளமை வரவேற்கத்தக்கது. 2019 செப்டெம்பரில் அம்ஸ்ரர்டாம் அரும்பொருளகம், பதினேழாம் நூற்றாண்டைக் குறிக்கப் பொற்காலம் என்ற தொடரை இனிப் பயன்படுத்துவதில்லை என அறிவித்தது. அதனைப் பிரதமர் உட்படப் பலர் எதிர்த்தனர். ஆயினும், 2022 டிசெம்பரில் அப்பிரதமரே அடிமை முறைக்காக அரசின் பெயரால் மன்னிப்புக் கோரினார். 2023 யூலையில் மன்னரும் கோரினார். 1765இற் கண்டியிற் சூறையாடப்பட்டு அம்ஸ்ரர்டாமிற் காட்சிக்கிருந்த பீரங்கியும் வேறு ஐந்து பொருள்களும் 2023 டிசெம்பரிற் கொழும்பு வந்து சேர்ந்தன. கறுவா உரிப்போரின் கிளர்ச்சியோடு தொடங்கிய ஒரு கதையின் சிறு பகுதி, 260க்கும் மேற்பட்ட ஆண்டுகளின் பின் முடிவுற்றது.

எமது பாத்திகள்

பிறர் பாத்தியைக் குறைகூறி எமது பாத்தியை நோக்காதுவிடின் இவ்விசாரணை நேர்மையற்றதாகும். தமிழிலக்கிய வரலாறுகளிற் சங்ககாலமும் சோழர்காலமும் பொற்காலங்களாகவே நீண்டகாலம் நடப்பட்டு வந்துள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலும் செப்புத்திருமேனிகளும் கடல்கடந்த படையெடுப்பும் ஒரே சாடியிற் சேர்க்கப்படுகின்றன. கோயிலுக்கு மனிதர் அடிமைகளாக விற்கப்பட்டதைக் கூறும் அக்காலச் சாசனங்கள் அச்சாடியில் இடம்பெறுவது அரிது. க. கைலாசபதி 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' (1966) என்ற நூலிற் சோழப் பேரரசையும் அக்காலத் தத்துவத்தையும் சமுதாய அடிப்படையோடு இணைத்து ஆராய்ந்து காட்டிய வழி, இன்னும் பாடநூல்களைப் போதியளவு சென்றடையவில்லை.

யாழ்ப்பாணத்தை நோக்கின் நிலைமை மேலும் சங்கடமானது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி எழுதிய தேசவழமைத் தொகுப்பு, கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரை அடிமைகள் என்ற தலைப்பின் கீழேயே பேசுகின்றது. அவ்வழமையை அந்நியர் படைக்கவில்லை. எமது உடைமையாளர் கூறியதை அவர்கள் ஏட்டில் ஏற்றி, தமக்கும் பயனுடையதாதலின் சட்டமாக்கினர். இலங்கையில் 1844இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மனப்பாங்கு அவ்வாண்டோடு ஒழியவில்லை என்பதை எமது கிணறுகளும் கோயில் வாசல்களும் இருபதாம் நூற்றாண்டிலும் உணர்த்தின. ஒல்லாந்தப் பொற்காலத்தின் நிழலில் நின்ற மக்களுட் சிலர், எமது பொற்காலத்தின் நிழலிலும் நின்றவர்களே.

எனவே, ஒரு வேண்டுகோளுடன் இக்கட்டுரையை நிறைவு செய்கிறோம். எமது மாணவர் பேராதனைப் பூங்காவிலும் கறுவாத்தோட்டத்திலும் மலையகத்துத் துரைமார் பங்களாக்களின் முற்றங்களிலும் நின்று, உடைமை, உழைப்பு, அதிகாரம் ஆகிய மூன்றையும் பற்றி வினவுதல் வேண்டும். செடி எங்கிருந்து வந்தது என்பதோடு, குழி தோண்டியவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். முதியோரின் நினைவும் கச்சேரிப் பதிவேடுகளும் இதற்குத் துணைசெய்யும். கோய்க்கன்ஹோவில் ஒவ்வோராண்டும் பருவம் முடிந்ததும் மண்ணைப் புரட்டிக் குமிழ்கள் யாவற்றையும் வெளியே எடுத்துவிடுகின்றனர். சென்ற ஆண்டின் திட்டம் அழகாக இருந்தது என்பதற்காக அதனை அவர்கள் வைத்திருப்பதில்லை. வரலாறெழுதும் எமக்கும் அத்தகைய ஓர் இலையுதிர்காலம் தேவைப்படுகிறது.